முதுமையின் வலிக்குச் சாய்மனைக் கதிரை மருந்தாகாது

60 வயதைக் கடந்த ஒருவருக்கு முழங்காலிலோ இடுப்பிலோ வலி தோன்றிவிட்டால் எமது குடும்பங்களில் எடுக்கப்படும் முதல் தீர்மானம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. "நீங்கள் இனி ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இருங்கள்" என்று பிள்ளைகள் அன்போடு கூறிவிடுகின்றனர். கிணற்றடிக்குச் செல்வது நிறுத்தப்படுகின்றது. கடைக்குப் போய்வருவது பேரப்பிள்ளையின் பொறுப்பாகின்றது. தேநீர் இருந்த இடத்துக்கே வந்து சேருகின்றது. சில மாதங்கள் கழிவதற்குள் சாய்மனைக் கதிரையும் தொலைக்காட்சிப் பெட்டியுமே அந்த முதியவரின் உலகமாகிவிடுகின்றன.

இதனைப் பிள்ளைகளின் கவனயீனம் என்று எவரும் கூறிவிட முடியாது. பெற்றோர் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள், இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் அன்பின் பெயரால் வழங்கப்படும் இந்த அளவுகடந்த ஓய்வே வலியை வளர்க்கின்றது, கால்களின் வலிமையைப் பறிக்கின்றது, ஈற்றில் முதியவரை எல்லாவற்றுக்கும் பிறரில் தங்கியிருப்பவராக்குகின்றது. இதனை மருத்துவ விஞ்ஞானம் பல தசாப்தங்களாக எடுத்துரைத்து வந்தபோதிலும் எமது வீடுகளை அச்செய்தி இன்னமும் சரிவரச் சென்றடையவில்லை. அதனாலேயே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

முதுமையடையும் தேசம்

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 12.4 சதவீதத்தினராக இருந்தனர். அதன் பின்னர் இந்த விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. தென்னாசியாவில் விரைவாக முதுமையடைந்துவரும் நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். மறுபுறத்தில் முதியோரைத் தாங்கி நின்ற கூட்டுக் குடும்பமோ சுருங்கி வருகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் புலம்பெயர்ந்து சென்றுவிட, வயோதிபப் பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பல உள்ளன. மகள்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிக்குச் சென்றுவிட, பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் பொறுப்பை முதிர்ந்த வயதில் மீண்டும் ஏற்றிருக்கும் அம்மம்மாக்களும் உம்மும்மாக்களும் உள்ளனர்.

இத்தகையதொரு நிலையில் ஒரு முதியவரால் தாமாகவே எழுந்து நடக்க முடிகின்றதா இல்லையா என்பது சிறிய விடயமன்று. மலசலகூடத்துக்குத் தனியே சென்று வருவதும், தமது உடையைத் தாமே துவைப்பதும், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ பிறர் துணையின்றிச் செல்வதும் சுயமரியாதையோடு தொடர்புபட்டவை. முழங்கால் மடங்க மறுப்பதால் கோயில் வீதியை வலம்வர முடியவில்லையே என்று மனம் வருந்துவோரை நாம் காண்கின்றோம். இயலாதவர் அமர்ந்து தொழுவதற்கு இஸ்லாம் அனுமதியளித்துள்ளது என்பதை அறிந்திருந்தும், நிலத்தில் நெற்றி பதித்து சுஜூது செய்ய முடியவில்லையே என்று ஏங்குவோரையும் காண்கின்றோம். ஆகவே முதுமையில் உடற்பயிற்சி என்பது அழகுக்கான முயற்சியுமல்ல, வசதி படைத்தோரின் பொழுதுபோக்குமல்ல. மற்றவர் கையை எதிர்பாராது வாழ்வதற்கான முதலீடு அது.

படுக்கை ஓய்வு பற்றிய படிப்பினைகள்

வலி வந்தால் படுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எமது மக்களிடம் மட்டும் இருந்ததொன்றல்ல. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மேலைநாட்டு வைத்தியர்களும் முதுகு வலிக்கும் மாரடைப்புக்கும் வாரக் கணக்கில் படுக்கை ஓய்வையே விதித்து வந்தனர். அந்த நம்பிக்கையை ஆய்வுகள் படிப்படியாகத் தகர்த்தன.

1953 ஆம் ஆண்டு ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய வைத்தியரும் அவரது சகாக்களும் லண்டன் பஸ் ஊழியர்கள் பற்றிய ஆய்வொன்றை 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். எமது மூத்த வாசகர்கள் கொழும்பு வீதிகளில் கண்டிருக்கக்கூடிய இரட்டைத் தட்டு பஸ்களில், சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச் சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்குப் பலநூறு படிகளை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றுபவர்கள், ஒத்த வருமானமும் சமூகப் பின்னணியும் கொண்டவர்கள். எனினும் மாரடைப்பு நடத்துநர்களிடையே குறிப்பிடத்தக்களவு குறைவாகவே காணப்பட்டது. உடலசைவுக்கும் நலவாழ்வுக்கும் உள்ள தொடர்பை எண்களால் காட்டிய முன்னோடி ஆய்வாக இது கருதப்படுகின்றது. உடற்பயிற்சியைத் தமது வாழ்விலும் கடைப்பிடித்த மொரிஸ் 2009 ஆம் ஆண்டு தமது 99 ஆவது வயதில் காலமானார்.

1966 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டலஸ் நகரில் 20 வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அவர்களது உடலின் செயற்றிறன் பெருமளவில் வீழ்ச்சியடைந்தது. 30 ஆண்டுகளின் பின்னர் அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்த ஆய்வாளர்கள் வியப்புக்குரிய உண்மையொன்றைக் கண்டனர். 20 வயதில் படுக்கையில் கழித்த மூன்று வாரங்கள் அவர்களது உடலுக்கு விளைவித்த பாதிப்பு, பின்னர் கடந்துபோன 30 ஆண்டு கால முதுமை விளைவித்த பாதிப்பை விடவும் அதிகமாக இருந்தது. அதுமட்டுமன்றி, 50 வயதில் ஆறு மாத காலப் பயிற்சியின் மூலம் அவர்கள் இழந்த ஆற்றலைப் பெரும்பாலும் மீட்டுக்கொண்டனர்.

1995 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு முதுகு வலி பற்றியது. திடீர் முதுகு வலி ஏற்பட்டவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு இரண்டு நாட்கள் படுக்கை ஓய்வும் இன்னொரு குழுவினருக்கு முதுகுப் பயிற்சிகளும் விதிக்கப்பட்டன. மூன்றாவது குழுவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு வழமையான வேலைகளைத் தொடருமாறு பணிக்கப்பட்டனர். விரைவாகக் குணமடைந்தவர்கள் இந்த மூன்றாவது குழுவினரே. படுக்கை ஓய்வு எடுத்தவர்கள் மிக மெதுவாகவே தேறினர். வலி புதிதாகத் தோன்றிய நாட்களில் விசேட பயிற்சி எதுவும் அவசியமில்லை, வழமையான நடமாட்டத்தைக் கைவிடாதிருப்பதே முக்கியம் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

'தேய்மானம்' என்ற சொல் செய்யும் தீங்கு

முழங்கால் வலியோடு வைத்தியரிடம் செல்பவர் பெரும்பாலும் 'மூட்டுத் தேய்மானம்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டே வீடு திரும்புகின்றார். தேய்ந்த பொருளை மேலும் பாவித்தால் இன்னும் தேயும் என்பது எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே. எனவே அவர் நடையைக் குறைக்கின்றார், படியேறுவதை நிறுத்துகின்றார். ஆனால் மூட்டு என்பது வண்டிச் சில்லு அன்று. அது உயிருள்ள இழையங்களால் ஆனது.

எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடியான இரத்தோட்டம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்தே அது தனக்குரிய போசணையைப் பெறுகின்றது. நடக்கும்போது காலின் மீது பாரம் விழுவதும் விலகுவதுமாக இருப்பதால், கடற்பஞ்சு நீரை வெளிவிட்டு மீண்டும் உறிஞ்சுவது போன்று குருத்தெலும்பும் அத்திரவத்தை வெளிவிட்டு உள்ளெடுக்கின்றது. அசைவே இல்லாத மூட்டுக்கு இந்தப் போசணை குன்றுகின்றது. உடல் நலத்துக்காக மிதமாக ஓடுபவர்களின் முழங்கால்கள், ஓடாமலே அமர்ந்திருப்பவர்களின் முழங்கால்களை விட அதிகமாகப் பழுதடைவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

எக்ஸ்ரே படத்தில் தெரியும் மாற்றத்துக்கும் ஒருவர் உணரும் வலிக்கும் இடையில் நேரடித் தொடர்பு எப்போதும் இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. படத்தில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு வலியின்றி நடமாடுவோரும் உளர். படத்தில் சிறிய மாற்றமே தெரிந்தும் கடும் வலியால் துன்புறுவோரும் உளர். தசையின் வலிமை, உடல் எடை, உறக்கம், மனக் கவலை, நரம்புகளின் கூருணர்வு ஆகியனவும் வலியின் அளவைத் தீர்மானிக்கின்றன. எக்ஸ்ரே படத்தை மாற்றியமைக்க எம்மால் முடியாது. ஆனால் இந்தக் காரணிகள் பலவற்றை மாற்றியமைக்க முடியும். உடற்பயிற்சியின் பயன் அங்கேதான் தொடங்குகின்றது.

90 வயதிலும் வளரும் தசை

முழங்காலைத் தாங்கி நிற்பவை தொடையின் முன்புறத் தசைகள். அவை வலிமையாக இருக்கும்போது நடையின் அதிர்ச்சியைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. அவை நலிவடைந்தால் அந்தப் பாரம் முழுவதும் மூட்டின் மீது இறங்குகின்றது. வலிக்கின்றது என்பதற்காக நடக்காமலிருந்தால் தசை நலிகின்றது, தசை நலிந்ததால் வலி மேலும் அதிகரிக்கின்றது, வலி அதிகரித்ததால் நடமாட்டம் மேலும் குறைகின்றது. சுழன்று சுழன்று கீழே இழுக்கும் இந்தச் சுழலுக்குள் அகப்பட்ட முதியவர்கள் எமது சமூகத்தில் ஏராளம். ஆரோக்கியமான முதியவர்கள் கூட பத்து நாட்கள் படுக்கையில் இருந்தால் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கிராம் தசையை இழந்துவிடுகின்றனர் என்பது 2007 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் முடிவாகும்.

இழந்த தசையை முதுமையில் மீட்க முடியுமா என்ற கேள்விக்கு 1990 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிலிருந்து விடை கிடைத்தது. வைத்தியர் மரியா பியட்டரோன் தலைமையிலான குழுவினர் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த, 90 வயதை அண்மித்த, உடல் நலிந்த பத்துப் பேரைத் தெரிவுசெய்தனர். அவர்களுள் மிக மூத்தவருக்கு 96 வயது. கால்களுக்குப் பாரம் கொடுத்துத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி எட்டு வாரங்கள் வழங்கப்பட்டது. பயிற்சியை நிறைவுசெய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதத்தால் உயர்ந்தது. தொடையின் தசை அளவும் கூடியது, நடையின் வேகமும் அதிகரித்தது. தொடக்கத்தில் அவர்களது வலிமை மிகக் குறைவாக இருந்தமையால் இந்த விகிதம் பெரிதாகத் தோன்றுகின்றது என்பது உண்மையே. எனினும் 90 வயதிலும் தசை பயிற்சிக்குப் பதிலளிக்கும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. "இந்த வயதில் இனி என்ன" என்று கூறுவதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

தசை வலிமையும் சமநிலையும் பேணப்படுவதன் மற்றொரு முக்கிய பயன் விழுதலைத் தவிர்ப்பதாகும். முதிய வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததன் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தகுந்த பயிற்சி விழும் சம்பவங்களை ஏறத்தாழ நான்கிலொரு பங்கினால் குறைக்கின்றது என்பது 2019 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின் முடிவு.

மாத்திரையும் சத்திரசிகிச்சையும்

உடற்பயிற்சியை மந்திரமாகக் கருதிவிடலாகாது. கொக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு வலையமைப்பு 2015 ஆம் ஆண்டில் 40 க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, முழங்கால் மூட்டுவாதத்தின் வலியை உடற்பயிற்சி குறைக்கின்றது என்று உறுதிப்படுத்தியது. 2024 ஆம் ஆண்டு மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்து அத்தொகுப்பைப் புதுப்பித்தபோது, கிடைக்கும் நன்மை மிதமானதே என்றும் கூறப்பட்டது. பயிற்சியைக் கைவிட்டால் பயனும் படிப்படியாக மறைந்துவிடும். ஆனால் வலிநிவாரணி மாத்திரைகளால் கிடைக்கும் நன்மையும் இதையொத்த மிதமான அளவினதே. வேறுபாடு பக்கவிளைவிலேயே உள்ளது.

டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகளை வைத்தியரின் ஆலோசனையின்றி மருந்துக் கடையில் வாங்கி மாதக் கணக்கில் உட்கொள்ளும் பழக்கம் எம்மிடையே பரவலாக உள்ளது. இவை இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் ஏற்படுத்தக்கூடும். குருதியமுக்கத்தை உயர்த்தக்கூடும். நீரிழிவாலும் உயர் குருதியமுக்கத்தாலும் ஏற்கனவே நலிந்திருக்கும் சிறுநீரகங்களை மேலும் பாதிக்கக்கூடும். இதே வகையைச் சேர்ந்த 'வயொக்ஸ்' என்ற மாத்திரை, மாரடைப்பு மற்றும் பக்கவாத அபாயத்தை அதிகரிப்பதாகக் கண்டறியப்பட்டு 2004 ஆம் ஆண்டு உலகச் சந்தையிலிருந்தே மீளப் பெறப்பட்டது. தேவையான நேரத்தில், தேவையான அளவு, வைத்தியரின் மேற்பார்வையில் மாத்திரை எடுப்பதை நாம் மறுக்கவில்லை. மாத்திரையை மட்டுமே நம்பிக் கால்களைக் கைவிட்டுவிடுவதையே தவறு என்கின்றோம்.

முற்றிய நிலையில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பெரும் நிவாரணமளிக்கின்றது என்பதும் உண்மை. 2015 ஆம் ஆண்டு டென்மார்க்கில் 100 நோயாளரிடையே நடத்தப்பட்ட ஆய்வில் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கே கூடுதலான வலிக் குறைவு கிடைத்தது. ஆனால் பாரதூரமான பக்கவிளைவுகளும் அவர்களிடையே அதிகமாக இருந்தன. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு முதலிய ஏனைய சிகிச்சைகளை மாத்திரம் பெற்றவர்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரே அந்த ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சையை நாடினர். அதே டென்மார்க்கில் 2013 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட திட்டமொன்றின் கீழ், மூட்டு வலியுள்ளோருக்கு இயன்மருத்துவர்கள் சில வாரங்களில் 12 பயிற்சி வகுப்புகளையும் நோய் பற்றிய விளக்கத்தையும் வழங்குகின்றனர். அத்திட்டம் கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவியுள்ளது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதற்கு அவசியமில்லை என்பதை எமது சுகாதார அதிகாரிகள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

எதனை, எவ்வளவு செய்வது?

65 வயதைக் கடந்தவர்கள் வாரமொன்றுக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறுகின்றது. தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களும், சமநிலைப் பயிற்சி மூன்று நாட்களும் அவசியம் என்றும் அது குறிப்பிடுகின்றது. அந்த அளவை எட்ட முடியாதவர்கள் இயன்றதைச் செய்தாலே நன்மையுண்டு. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று தொடங்குவதில் தவறேதுமில்லை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாடுவதற்கு மூச்சுப் போதாதிருக்க வேண்டும் என்பதே மிதமான வேகத்துக்கான எளிய அளவுகோல்.

நடையோடு வீட்டிலேயே செய்யத்தக்க சில பயிற்சிகளும் உள்ளன. கைப்பிடியுள்ள உறுதியான கதிரையொன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து அதிலிருந்து எழுந்து நிற்பதும் மெதுவாக அமர்வதும் முதலாவது. கைகளை ஊன்றித் தொடங்கி, நாளடைவில் ஊன்றாமல் எழப் பழகலாம். கதிரையில் அமர்ந்தவாறு ஒரு காலை நேராக நீட்டி ஐந்து வினாடிகள் நிறுத்திப் பின் இறக்குவது இரண்டாவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது மூன்றாவது. அதே இடத்தில் ஒற்றைக் காலில் சில வினாடிகள் நிற்பது நான்காவது. ஒவ்வொன்றையும் எட்டு அல்லது பத்துத் தடவைகள் செய்யலாம். சற்றுக் கடினமாக உணரப்பட வேண்டும். கடினமே இல்லாத பயிற்சியால் தசை வலுப்பெறுவதில்லை.

பயிற்சியின்போது வலித்தால் என்ன செய்வது என்பதே பலரை அச்சுறுத்தும் கேள்வி. வலியே இல்லாத நிலையை 0 என்றும் தாங்கொணா வலியை 10 என்றும் கொண்டால், 2 வரையிலான வலி கவலைக்குரியதன்று. 5 வரையிலான வலியும், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் தணிந்துவிடுமாயின் ஏற்கத்தக்கதே. தணியாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டியதில்லை, அதன் அளவைக் குறைத்தால் போதுமானது. நாட்பட்ட மூட்டு வலி பெரும்பாலும் ஆபத்தின் அறிவிப்பல்ல. பழகாத அசைவுக்கு உடல் காட்டும் எதிர்ப்பாகவே அது அமைகின்றது.

அதேவேளை சில அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது. மூட்டு சிவந்து சூடேறி வீங்குதல், காய்ச்சலுடன் கூடிய வலி, காரணமின்றி எடை குறைதல், விழுந்த பின் காலூன்ற முடியாமை, முதுகு வலியோடு கால் மரத்தல் அல்லது சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமை, நடக்கும்போது நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல் என்பன தோன்றினால் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். இருதய நோயாளர் பயிற்சியை ஆரம்பிக்கு முன்னர் வைத்தியருடன் கலந்தாலோசிப்பது அவசியம். நீரிழிவு உள்ளோர் வெறுங்காலோடு நடக்கலாகாது. இன்சுலின் பாவிப்போர் சீனி குறைந்து மயக்கம் வருவதைத் தவிர்க்க இனிப்பு எதையாவது கையில் வைத்திருக்க வேண்டும். நோன்பு காலத்தில் நடையை நோன்பு துறந்த பின்னரான நேரத்துக்கு மாற்றிக்கொள்வது உகந்தது.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

மலையகத் தோட்டத்தில் செங்குத்தான சரிவுகளில் கொழுந்துக் கூடையைச் சுமந்த தாய்க்கும், வலை இழுத்த கடற்றொழிலாளிக்கும், வயலில் குனிந்து நின்ற விவசாயிக்கும் உடற்பயிற்சி பற்றி உபதேசிப்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். "நாங்கள் செய்யாத வேலையா" என்று அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு. ஆனால் கடும் உடலுழைப்பு, உடற்பயிற்சி தரும் அதே நன்மையைத் தருவதில்லை. உழைப்பு ஒரே தசைகளை, ஒரே கோணத்தில், ஓய்வுக்கு இடமின்றி வருத்துகின்றது. பயிற்சியோ அளவறிந்து, இடைவெளி விட்டு, நலிந்த தசைகளைத் தேடி வலுப்படுத்துகின்றது. வாழ்நாள் முழுவதும் உழைத்த உடலுக்கு அளவான பயிற்சி கூடுதலாகவே தேவைப்படுகின்றது. அத்தகையோருக்கு அறிவுரை மட்டும் போதாது. பணியிடத்தில் சுமையைக் குறைப்பதும் ஓய்வு நேரத்தை உறுதிப்படுத்துவதும் தொழில் வழங்குநரின் கடமையாகும்.

ஊரும் அரசும் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளின்றி முதியோர் முதல் மாணவியர் வரை அனைவரும் துவிச்சக்கர வண்டியையே நம்பியிருந்தனர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது நாடு முழுவதும் அந்த வண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. நெருக்கடி எவருக்கும் வேண்டியதல்ல. ஆனால் உடலின் பாரத்தை முழங்காலில் ஏற்றாமலே தொடைத் தசைகளை வலுப்படுத்தும் துவிச்சக்கர வண்டி, எம்மிடம் ஏற்கனவே உள்ள சிறந்ததொரு மருந்து என்பதை நாம் மறந்துவிடலாகாது. அருகிலுள்ள கடைக்கும் முச்சக்கர வண்டியில் செல்லும் பழக்கம் இதற்கு நேர்மாறானது.

பெண்களின் நிலை தனியாக நோக்கப்பட வேண்டியது. முழங்கால் மூட்டுவாதம் ஆண்களை விடப் பெண்களையே கூடுதலாகப் பாதிக்கின்றது. ஆனால் எமது தமிழ், முஸ்லிம் ஊர்களில் ஒரு மூதாட்டி காலணி அணிந்து வீதியில் வேகமாக நடந்தால் வியப்போடு நோக்கும் கண்களே அதிகம். பல நகரங்களில் நடைபாதைகள் வாகனத் தரிப்பிடங்களாகவும் கடை விரிப்புகளாகவும் மாறியுள்ளன. கட்டாக்காலி நாய்களும் உடைந்த வடிகான் மூடிகளும் முதியோரை வீட்டுக்குள்ளேயே முடக்குகின்றன. பாடசாலை மைதானங்களைக் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் பெண்களுக்கென ஒதுக்குவதற்குப் பெரும் நிதி தேவையில்லை. கோயில் வீதிகளும் பள்ளிவாசல் மண்டபங்களும் தேவாலய வளவுகளும் இதற்குத் துணைபுரியலாம். மாதர் சங்கங்களும் முதியோர் சங்கங்களும் குழுவாக நடப்பதை ஊக்குவிக்கலாம். தனித்து நடக்கத் தயங்குபவர் நால்வரோடு சேர்ந்து நடப்பார்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் தேசிய மட்டத்தில் முதியோர் நலனுக்கான கட்டமைப்பொன்று உருவாக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினமும் கொண்டாடப்படுகின்றது. பொன்னாடையும் பரிசுப் பொதியும் வழங்குவதோடு அந்நாள் நிறைவுபெற்றுவிடலாகாது. கிராமத்து மூட்டு நோயாளியொருவர் இயன்மருத்துவரைச் சந்திப்பதற்கு முழு நாளையும் பஸ் கட்டணத்தையும் செலவிட வேண்டியிருக்கும் நிலை மாற வேண்டும். பிரதேச மட்டத்தில் வாரம் ஒரு நாளாவது முதியோருக்கான பயிற்சி வகுப்பு நடத்தப்படுமாயின், வைத்தியசாலைகளில் மாத்திரைக்காக நீளும் வரிசை கூட நாளடைவில் குறையக்கூடும்.

இவை யாவற்றுக்கும் முன்பாகக் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெற்றோரின் வேலைகள் அனைத்தையும் அவர்களது கையிலிருந்து பறித்துவிடாது, இயன்றவற்றை அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும். பூங்கன்றுக்கு நீரூற்றுவதும் அரிசி களைவதும் படலை வரை சென்று பத்திரிகையை எடுத்து வருவதும் அவர்களுக்குச் சுமையல்ல. வலி இருக்கின்றதா என்று மட்டும் வினவாது, இன்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்றும் பிள்ளைகள் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகளும் மாத்திரைக்குப் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாது இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அருகிலிருக்கும் பிள்ளைகள் ஒருபடி மேலே சென்று, நாளை மாலை பத்து நிமிடங்களை ஒதுக்கி அவர்களோடு கூடவே நடக்க முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.